பாலைக்கு வந்த விருந்தினர்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் மாலை வேளைகளில் சிறிது தூரம் நடப்பது என் வழக்கம். அப்போது என்னைக் கடந்து போகும் வண்டிகளில் பல, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாக இருக்கும். முன்னால் துளையிடும் எந்திரத்தைச் சுமந்த லாரி. அதன் பின்னால் இரும்பு ராடுகளையும் அரிசி மூட்டையையும் ஆட்களையும் சுமந்த இன்னொரு லாரி. இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும், அந்த வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்ற பெயரைப் பார்த்துவிட நிறைய வாய்ப்புண்டு. காவிரி இருபது கிலோமீட்டர் தொலைவில் ஓட, அதன் நீர் ஏறாத மேட்டு நிலத்தில் மானம் பார்த்து வாழ்ந்தவர்கள் எங்கள் பகுதி மக்கள். தம் நிலத்தில் கிணறு வெட்டி வெட்டிப் பழகிய கைகள் பிறகு ஊரார் நிலத்திலெல்லாம் துளையிடப் புறப்பட்டன.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு வண்டி சாலையோரம் நின்றது. இறங்கி வந்தவன் என் பழைய மாணவன். இளங்கலைத் தமிழ் படித்தவன். படிப்பு முடிந்த கையோடு ரிக் வண்டியில் ஏறிவிட்டான். ராஜஸ்தானிலிருந்து திரும்பியிருந்தான். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மணல்மேடுகளுக்கு நடுவே வெண்ணிறக் கூடாரம். கூடாரத்துக்குள் கட்டில், கம்பளம், சரவிளக்கு. ஒரு மூலையில் செம்பினாலான பெரிய குளியல் தொட்டி.

"ஒரு ராத்திரிக்கு நாப்பதாயிரமாமுங்க, ஐயா. இந்தத் தொட்டிக்கு வர்ற தண்ணி நாங்க போட்ட போருங்க."

அவன் குரலில் பெருமைதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பத்துப்பாட்டை எடுத்துப் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்தேன். பாலை நிலத்தில் விருந்துண்பது பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அதில் இருக்கிறது என்பது வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றியதில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் முதலில் குறுக்கிடும் நிலங்களில் ஒன்று எயினர் வாழும் வறண்ட நிலம். ஈச்ச ஓலை வேய்ந்த அவர்களுடைய குடிசை முள்ளம்பன்றியின் முதுகு போலிருக்கிறது. உள்ளே மான் தோலின் மீது குழந்தையோடு படுத்திருக்கிறாள் பிள்ளை பெற்றவள். அவள் மட்டும் வீட்டிலிருக்க, மற்ற பெண்கள் உளி போன்ற இரும்பு முனை பூட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறுகிறார்கள். எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசிதான் அவர்கள் தேடுவது. விளாமரத்தடியில் நிலத்தில் குழித்த உரலில் அதைக் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றின் அடியில் கசியும் கொஞ்சம் உவர்நீரை முகந்துவந்து, விளிம்பு உடைந்த பழம்பானையில் ஊற்றி, சிதைந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கிறார்கள். வழிப்போக்கனான பாணனுக்கும் அவனுடைய பசித்த சுற்றத்துக்கும் உப்புக்கண்டத்தோடு அச்சோற்றைத் தேக்கிலையில் குவித்துத் தருகிறார்கள். தெய்வத்துக்கு இடும் படையலைப் போல என்கிறார் புலவர்.

இந்த உவமை உரையாசிரியர்களின் கையில் எளிதாகக் கடந்து போய்விடுகிறது. எறும்புப் புற்றிலிருந்து எடுத்த அரிசி, தாகம் தணிக்கவே போதாத உவர்நீர், உடைந்த பானை. இவற்றைக் கொண்டு சமைத்தவர்கள், முன்பின் அறியாத ஒருவன் முன்னால் படையல்போல் குவிக்கிறார்கள். அவனுடைய பெயரையோ ஊரையோ அவர்கள் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

அந்த விருந்தினன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வீட்டைக் காட்டியிருக்கிறார். இடிந்த அடுக்களையில் கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைக்கும் பாணன் மனைவி, அயலார் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுத்தான் உண்கிறாள். ஆற்றுப்படை இலக்கியத்தின் விருந்தினன் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து புறப்பட்டவன். பாலையைக் கடந்தால்தான் சோறு கிடைக்கும் என்பதால் கடக்கிறானே ஒழிய அங்கே பார்க்கவோ களிக்கவோ அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் இறுதியில் சேரும் அரசனோ அவனுக்கு எதிரில் நின்று உபசரிக்கிறான். பொருநராற்றுப்படையில் இரவும் பகலும் இறைச்சி தின்று பொருநனின் பற்கள் கொல்லை உழுத கொழுப்போலத் தேய்ந்துபோகின்றன. அவன் விடைபெறும்போது கரிகாலன் ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புகிறான். பாடுபவன் அமர்ந்திருக்கிறான், ஆள்பவன் பரிமாறுகிறான்.

*

பாலை என்று தனியே ஒரு நிலம் தமிழகத்தில் இல்லை என்பது நாம் அறிந்ததே. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரியும்போது பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரக் காடுகாண் காதை சொல்கிறது. நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமை அது. மழை பெய்தால் அது மறுபடி முல்லையாகிவிடும். பங்குனி, சித்திரையில் சங்ககிரி மலையின் அடிவாரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இந்த வரையறைக்கு உரை தேவைப்படாது.

பாலையையே தன் பெயராக்கிக்கொண்ட புலவன் கொங்கோடு தொடர்புடைய சேரன் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ. நாமக்கல் மாவட்டத்து வேலூரிலிருந்து காவிரியைக் கடந்தால் வரும் புகலூரில், ஆறுநாட்டார் மலைக் குகையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் பெருங்கடுங்கோன் என்ற சேர இளவரசனின் பெயர் இருக்கிறது. துறவி ஒருவருக்குக் கற்படுக்கை வெட்டிக்கொடுத்த செய்தி அது. புலவனும் கல்வெட்டின் கடுங்கோனும் ஒருவரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. தன் பிடியின் பசி போக்க மரப்பட்டை உரித்துக்கொடுக்கும் களிற்றைக் குறுந்தொகையில் காட்டியவன், வழிப்போக்குத் துறவிக்குப் படுக்கை கொடுத்த குடியினன் என்றால் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. சேரர் கொடுத்தது கல்லில் வெட்டிய படுக்கை. அதன் மேல் மெத்தை இருந்ததா என்று கல்வெட்டு சொல்லவில்லை!

இதே வட்டாரத்துச் சாலைகளில் உமணர்கள் உப்பு வண்டி ஓட்டினார்கள். மேடு பள்ளத்தில் அச்சு முறியலாம் என்று வண்டிக்கடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதைத் தகடூர் அதியமானின் மகனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் ஔவையார் உவமையாக்கியிருக்கிறார். சங்ககிரி லாரிப்பட்டறை ஒன்றில் இதைச் சொன்னேன். "அப்பவே ஸ்டெப்னி வெச்சிருக்காங்க" என்றார் பட்டறைக்காரர். பாலைத்திணையின் உரிப்பொருளான பிரிவு இன்றும் உயிரோடிருக்கும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. பொருள் தேடி லாரியேறிப் போனவன் தீபாவளிக்கு வருவானா என்று காத்திருக்கும் வீடுகள் இல்லாத தெரு இங்கே இல்லை.

வழிச்செல்வோருக்கு நீரும் சோறும் தரும் கடமை எயினர் குடிசையிலிருந்து பிற்காலத்தில் நிறுவனங்களுக்கு இடம்பெயர்ந்தது. தண்ணீர்ப்பந்தல் என்ற பெயரோடு கொங்கில் பல ஊர்கள் உள்ளன. சாலையோரச் சுமைதாங்கிக் கற்களை, பேறுகாலத்தில் இறந்த பெண்களின் நினைவாக நட்டார்கள். ராணி மங்கம்மாள் காலத்துச் சாலைகளும் சத்திரங்களும் பாண்டி நாட்டில் இன்னும் பேசப்படுகின்றன. தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களில் பல, ராமேசுவர யாத்திரை வழியில் உள்ளவை. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டினார். சோறும் தங்குமிடமும் அங்கே இலவசம். சாதிப் பந்தி இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் விருந்தினன் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை.

அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது முசாபரி பங்களா. கும்பினி ஆட்சியின் அதிகாரிகள் குதிரையிலும் பல்லக்கிலும் ஊர் சுற்றிய காலத்தில், தாலுகா தோறும் எழுந்த அந்த ஓட்டுக் கட்டடத்தில் வாடகை உண்டு, சமையல்காரன் உண்டு, பதிவேடு உண்டு. தங்கியவர் தன் பெயரையும் பதவியையும் எழுதி, உபசரிப்பைப் பற்றிக் குறையோ நிறையோ குறித்துவிட்டுப் போகலாம். ‘விருந்தினர் அனுபவம்’ என்று இன்று விடுதிகள் சொல்லும் சரக்கின் தொடக்கம் அந்தப் பதிவேடு என்று நினைக்கிறேன். தேக்கிலையில் சோறு வைத்த எயிற்றியிடம் யாரும் கருத்து எழுதிக் கொடுத்ததில்லை. எழுதியவர் உருத்திரங்கண்ணனார் ஒருவர்தான்.

*

இனி என் மாணவன் துளையிட்ட நாட்டுக்குப் போகலாம். அதற்கு முன் எங்கள் சேலம் மாவட்டத்துப் பஞ்சத்தைச் சொல்லியாக வேண்டும். அங்குள்ள அரண்மனையின் கதை ஒரு பஞ்சத்தில்தான் தொடங்குகிறது.

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.7 லட்சம். 1881இல் சுமார் 16 லட்சம். நடுவில் வந்தது 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் நிவாரணப் பணிகள் நடந்தன; கல்லுடைத்தவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் கூலி கொடுத்தார்கள். செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877இன் தொடக்கத்தில், ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலியும் அதன்மேல் ஒரு சிறு தொகையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். பக்கிங்காம் கால்வாயின் சில பகுதிகள் இப்படிப் பசித்த கைகளால் வெட்டப்பட்டவை. பஞ்சத்தில் வாடியவன் உழைத்துத்தான் சோறு பெற வேண்டும் என்ற கொள்கைக்குப் பிறகு இந்தியா முழுவதும் சட்டப்புத்தக மரியாதை கிடைத்தது.

அக்கொள்கையின் மிக ஆடம்பரமான விளைவு ஜோத்பூரில் நிற்கிறது. 1920களில் மார்வாரை வறட்சி வாட்டியபோது, மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா உமேத் சிங் கட்டத் தொடங்கியது உமேத் பவன் அரண்மனை. 1929 நவம்பரில் அடிக்கல், 1943இல் நிறைவு. 347 அறைகள். சித்தர் குன்றின் மீது எழுந்ததால் சித்தர் அரண்மனை என்றும் பெயர். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வேலை செய்தார்கள். மஞ்சள் கலந்த மணற்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றோடொன்று கவ்வும்படி செதுக்கி அடுக்கினார்கள். வரைபடம் போட்டவர் ஹென்றி வான் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். அவரைச் சென்னைக்காரர்கள் மறந்துவிட்டார்கள். சென்னை மாகாணத்தின் நகரமைப்பைப் பற்றி 1918இல் ஒரு நூலே எழுதியவர் அவர்.

கருத்தரங்கு ஒன்றுக்காக ஜோத்பூர் சென்றபோது நுழைவுச்சீட்டு வாங்கி அதன் அருங்காட்சியகப் பகுதியைப் பார்த்தேன். கடிகாரங்கள், கண்ணாடிச் சாமான்கள், வெளியே பழைய கார்கள். அதற்கப்பால் விருந்தினர்க்கு மட்டும். பஞ்ச நிவாரணம் என்ற காரணம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூலியால் பிழைத்த குடும்பங்கள் இருந்திருக்கும். ஆனால் வறட்சி பதினான்கு ஆண்டு நீடிக்கவில்லை, கட்டுமானம் நீடித்தது. ஏரி வெட்டவும் அதே கைகளால் முடியும் என்ற எண்ணம் அந்த மஞ்சள் கல்லைத் தொட்டபோது எழாமலில்லை. நியாயமாகச் சொன்னால், உமேத் சிங்கின் பெயரில் ஓர் ஏரியும் ஜோத்பூரில் உண்டு.

அரண்மனையின் முதல் விருந்தினர்களில் எனக்குப் பிடித்தவர் ஓர் அகதி. லண்டனிலிருந்து வரவழைத்த அறைக்கலன்கள் போர்க்காலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கின. அந்த நேரத்தில், 1939இல் போலந்திலிருந்து தப்பி நாடு நாடாக அலைந்து இந்தியா வந்திருந்த ஸ்தெஃபான் நோர்ப்ளின் என்ற ஓவியரிடம் மகாராஜா உள்ளலங்காரத்தை ஒப்படைத்தார். ராமாயணக் காட்சிகளை அவர் சுவரில் எழுதினார். வீடிழந்து பாலைக்கு வந்து, வித்தையைக் காட்டிச் சோறு பெற்ற அவரை நம் ஆற்றுப்படைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பின்னர் அமெரிக்கா சென்ற அவர் 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் தற்கொலை செய்துகொண்டார். அவரை அங்கே ஆற்றுப்படுத்த எதிரில் ஒரு பாணன் வரவில்லை.

உமேத் சிங் தன் புது வீட்டில் நான்காண்டுதான் வாழ்ந்தார்; 1947இல் இறந்தார். மகன் ஹன்வந்த் சிங் 1952இல் விமான விபத்தில் மாண்டார். 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. இத்தனை அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேரன் கஜ் சிங் 1970களின் பிற்பகுதியில் ஒரு பகுதியை விடுதியாக்கினார். 2005 முதல் அதை நடத்துவது தாஜ் நிறுவனம். மன்னர் ஒரு பகுதியில் குடியிருக்க, மறுபகுதியில் விருந்தினர் வாடகைக்கு மன்னராக இருக்கிறார்கள். மானியம் இழந்த மாளிகைகளும் கோட்டைகளும் ஒவ்வொன்றாக இவ்வழியில் நடந்தன. நீம்ரானா கோட்டை 1991இல் விடுதியாயிற்று. எங்கள் சங்ககிரிக் கோட்டைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட அந்த மலைக்கு ஆடிப்பெருக்கன்று கூட்டம் வருகிறது. மற்ற நாட்களில் ஆடு மேய்ப்பவர்களும், மாடியில் இடமில்லாமல் படிக்க வரும் போட்டித் தேர்வு மாணவர்களும், காதலர்களும்தான் அதன் விருந்தினர்.

*

பாலை எப்போது பார்க்கத்தக்க இடமாயிற்று? ரயிலும் கப்பலும் பாலையைக் கடக்கும் அபாயத்தை நீக்கிய பிறகுதான். எகிப்தில் பிரமிடுகளுக்கு அருகே மேனா ஹவுஸ் 1886இல் விடுதியாகத் திறந்தது. அல்ஜீரியாவின் பிஸ்க்ரா ஐரோப்பியரின் குளிர்காலத் தங்குமிடமாயிற்று. காசநோய்க்கு வறண்ட காற்று நல்லது என்றார்கள் மருத்துவர்கள். கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 1909இல் தொடங்கிய விடுதியும் அப்படி நுரையீரல் நோயாளிகளை நம்பியதே. துபாயில் அல் மஹா 1999இல் வந்தபோது நோயாளிகள் தேவைப்படவில்லை. கூடாரத்துக்கு ஒரு நீச்சல்குளம் போதுமானதாக இருந்தது. நீரில்லாத இடத்தில் நீரை வீணாக்க முடிவதே ஆடம்பரத்தின் அடையாளம் என்றாயிற்று.

ராஜஸ்தானில் இந்த மாற்றத்துக்கு 1974இல் வந்த சத்யஜித் ராயின் ‘சோனார் கேல்லா’ ஒரு காரணம். அப்படத்தைப் பார்த்த வங்காளிகள் ஜெய்சல்மேருக்கு ரயிலேறினார்கள். 1982இல் அரண்மனை ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு சாம் மணல்மேடுகளில் கூடாரங்கள். 1156இல் நிறுவப்பட்ட ஜெய்சல்மேர் கோட்டைக்குள் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரும் மழை பெய்யாத ஊரில், குடத்தில் சுமந்த நீரை அளந்து செலவழித்தவர்களுக்காக எழுந்த கோட்டை அது. விடுதிகளும் குழாய்களும் வந்தபின் கழிவுநீர் அடித்தளத்தில் இறங்கியது. 1990களில் மதிலின் பகுதிகள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் கோட்டை இடம்பெற்றது. படையெடுப்புகளைத் தாங்கியது குளியலறைகளைத் தாங்கவில்லை. ஜோத்பூரில் வேறொரு வேடிக்கை. கால்வாய் நீர் வந்ததும் பழைய படிக்கிணறுகளை மக்கள் கைவிட்டார்கள். இறைப்பாரின்றி நிலத்தடி நீர் ஏறி நிலவறைகளில் புகுந்தது.

அந்நாட்டு மக்களுக்கு நீரின் இலக்கணம் தெரியாமலில்லை. அனுபம் மிஸ்ரா 1995இல் எழுதிய ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேங்’ என்ற இந்தி நூல் அதை விரித்துரைக்கிறது. அடியில் கிடக்கும் நீர் உவர். ஆனால் சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சப் படுகை ஒன்று ஓடுகிறது. பெய்த சிறு மழை மணலில் இறங்கி, அப்படுகைக்கு மேலேயே ஈரமாகத் தங்குகிறது. ஓர் ஆள் மட்டும் குந்தி இறங்கக்கூடிய குறுகிய கிணறு தோண்டி, அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகச் சுரப்பதை எடுத்துக் குடித்தார்கள். குயீ என்று பெயர். ஒரு நாளைக்குச் சில குடம். படுகையைத் தாண்டித் தோண்டக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர் ரிக் வண்டி அந்த விதியை அறியாது. தாண்டுவதற்காகத்தான் அதை அழைக்கிறார்கள். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. அந்த வண்டியால் எங்கள் தாலுகாவில் எத்தனை வீடுகளில் அடுப்பெரிகிறது என்பது எனக்குத் தெரியும்; என் மாணவர்கள் பலரின் கல்விக் கட்டணமும் அதிலிருந்து வந்ததுதான்.

கூடார விடுதிகளின் மாலைப்பொழுதுக்கு வருவோம். நடுவில் தீ, சுற்றிலும் நாற்காலிகள். கமாய்ச்சாவும் கர்த்தாலும் கொண்டு பாடுபவர்கள் பெரும்பாலும் மாங்கணியார்கள். இஸ்லாமியர், ஆனால் ராஜபுத்திரப் புரவலர்களின் குலமுறை கிளத்துவதும், அவர்கள் வீட்டுப் பிறப்புக்கும் மணத்துக்கும் பாடுவதும், கண்ணனைப் பாடுவதும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். பெயரின் பொருள் ‘இரப்பவர்’ என்று கூறுவர். பரிசில் வாங்கும் உரிமை பெற்றவர் என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். புரவலன் கொடுக்கத் தவறினால் அவனை இழித்துரைக்கும் உரிமையும் இவர்களுக்கு இருந்தது. பாணர்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியன் இவர்களைப் பார்த்தால் வகுப்பறையிலிருந்து யாரோ எழுந்து வந்துவிட்டதாக உணர்வான். கோமல் கோத்தாரி (1929-2004) என்ற ஆய்வாளர் இவர்களை ஊர்ஊராகத் தேடிப் பதிவுசெய்து உலக மேடைகளுக்கு அழைத்துச் சென்றார். அவரும் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் 1960இல் நிறுவிய ரூபாயன் சன்ஸ்தான் இதற்குத் துணை நின்றது.

அவர்கள் பாடும் பாடல்களில் எல்லோரும் அறிந்தது ‘கேசரியா பாலம்’. பீகானேர் அரசவைப் பாடகி அல்லா ஜிலாய் பாய் அதைப் புகழ்பெறச் செய்தார். பிரிந்து சென்ற காதலனைத் தன் நாட்டுக்கு வரச்சொல்லிக் காத்திருக்கும் பெண்ணின் குரல் அது. நம் இலக்கணப்படி சொன்னால் பாலையும் முல்லையும் மயங்கிய அகப்பாட்டு. அதன் அழைப்பையே சுற்றுலாத்துறை தன் முழக்கமாக்கிக்கொண்டது. தலைவனை அழைத்த பாட்டு, அறை பதிவுசெய்தவரை அழைக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் பாணன் விருந்தினனாக இருந்தான். உள்ளவன் அவனுக்குப் பரிமாறினான். இங்கே உள்ளவன் விருந்தினனாக அமர்ந்திருக்கிறான். பாணன் அவனுக்குப் பரிமாறப்படும் பண்டங்களில் ஒன்றாக இருக்கிறான். உணவும் அப்படியே இடம் மாறியிருக்கிறது. அங்கே விலையுயர்ந்த தட்டில் வரும் கேர்-சாங்கரி, ஒரு காலத்தில் வறட்சிக்கு அஞ்சி உலர்த்திவைத்த முட்புதரின் காயும் மரத்தின் நெற்றும்தான். சாங்கரி நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் காய். அந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 1730இல் கேஜர்லி ஊரில் 363 பிஷ்னோய்கள் உயிர்விட்டார்கள். கூடவே வரும் ரொட்டி கம்பு. கம்பங்களி தின்று வளர்ந்ததை வெளியில் சொல்லக் கூசிய தலைமுறை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. நானும் அதில் ஒருவன். ஜோத்பூர் விடுதி ஒன்றின் உணவுப் பட்டியலில் கம்பு ரொட்டியின் விலையைப் பார்த்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாங்கணியார் இளைஞர் ஒருவர் அந்தத் தீயருகே பாடாவிட்டால் வேறெங்கே பாடுவார்? புரவலர் குடும்பங்கள் நகரங்களுக்குப் போய்விட்டன. நிலமும் கால்நடையும் குறைந்துவிட்டன. விடுதி தரும் சம்பளத்தில்தான் ஒரு கமாய்ச்சாவுக்குப் புதுத் தோல் போர்த்த முடிகிறது. நம் பாணர்களுக்கு அப்படி ஒரு கூடாரமும் இல்லாமல் போயிற்று. தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே தள்ளினோம். யாழ் எப்படி இருந்தது என்று நாம் இன்றைக்கும் சிற்பத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

மாணவனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அவன் அவசரத்தில் இருந்தான். மறுநாள் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒன்று மட்டும் கேட்டேன்: "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?"

"லாரியிலயே சமைச்சுக்குவோமுங்க. அரிசி, பருப்பெல்லாம் இங்கிருந்தே ஏத்திக்கிட்டுப் போயிருவோம். ஓட்டல் உள்ளாறயெல்லாம் விட மாட்டாங்க. மூணாம் நாளு ராடு மாட்டிக்கிச்சுங்க, ஐயா. எடுக்கறதுக்கு ராத்திரி ஆயிப்போச்சு, சமைக்கவே இல்லை. பக்கத்துல நாலு குடிசை இருந்துச்சுங்க. ஒரு பாட்டிம்மா கம்பு ரொட்டியும் மோரும் கொண்டாந்து குடுத்தாங்க. ஏழு பேருக்குங்க. காசு குடுத்தோம், வாங்கலை. அவங்க என்ன பேசுனாங்கன்னும் புரியலை."

அந்த ஊரின் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"பேரு தெரியலீங்கய்யா. எழுநூறு அடியில தண்ணி வந்த ஊருங்க."